அப்பா எண்ணிய கைகள்

அப்பா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்து நின்றார்.

"சம்மதிக்கறவங்க கையத் தூக்குங்க. எண்ணி முடிக்கற வரைக்கும் எறக்காதீங்க" என்றார். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

முதலியார்பேட்டையில் ஆலைக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஓடு போட்ட ஒரு நீளக் கூடம். அதுதான் எங்கள் கோயில். ஆண்கள் ஒரு பக்கம் பாயில், பெண்கள் ஒரு பக்கம் பாயில். ஆராதனையும், அப்பமும் திராட்சரசமும் பகிரும் இராப்போஜனமும் முடிந்து, ரசத்தின் வாசனை இன்னும் போகாத நேரம். வெளியே யாருடைய மாடோ கத்திக்கொண்டே இருந்தது.

தீர்மானம் என் அக்கா எஸ்தரைப் பற்றியது. அவளைச் சபையிலிருந்து நீக்க வேண்டும் என்பதுதான் தீர்மானம்.

கைகள் எழுந்தன. ஆண்கள் பக்கம் அநேகமாக எல்லாக் கைகளும். அப்பா தலையை மட்டும் லேசாக அசைத்து எண்ணிக்கொண்டே வந்தார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பினார். நான் இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வளையல் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அம்மா கையைத் தூக்கியிருந்தாள்.

அப்பா கொஞ்சம் நின்றார். பிறகு அந்தக் கையையும் சேர்த்து எண்ணினார்.

மேற்றிராணியார் இல்லாதவர்கள்

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகி கோயம்புத்தூரிலிருந்து கேட்டிருக்கிறார்: "டீச்சரம்மா, புதுச்சேரிக் கிறிஸ்தவர் என்கிறீர்கள். அப்படியானால் அந்தப் பெரிய பெரிய கோயில்களுக்குத்தானே போயிருப்பீர்கள்?"

இல்லை அம்மா. அவை கத்தோலிக்கருடையவை. நாங்கள் புராட்டஸ்டண்ட் என்கிற சீர்திருத்தக்காரர்கள். புதுச்சேரியில் எங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தக் காலத்தில் கத்தோலிக்கர் எங்களைப் 'பதிதர்' என்பார்கள். வழி தவறிப் போனவர்கள் என்று அர்த்தம். பகையோடு சொன்னதில்லை, சாதிப் பேரைச் சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொல்வார்கள். எங்களுக்கும் பழகிப்போயிருந்தது.

பக்கத்து வீட்டு லூர்தம்மாள் கத்தோலிக்கர். அவருக்கு எங்களைப் பார்த்து எப்போதும் ஒரு சந்தேகம். பிஷப்பை அவர்கள் மேற்றிராணியார் என்பார்கள்.

"ஏண்டி லீதியா, உங்களுக்கு மேற்றிராணியாரே கெடையாதா?"

"கெடையாது அத்தை."

"அப்ப உங்கள யாரு அதட்டுவாங்க?"

"நாங்களே ஒருத்தர ஒருத்தர் அதட்டிக்குவோம்."

"நல்லாத்தான் இருக்கும் போ" என்று சிரித்தார். அவர் சிரித்ததில் தப்பில்லை. எங்கள் சபை அப்படித்தான் நடந்தது.

எங்களுக்கு மேலே ஒருவரும் கிடையாது. பிரசங்கம் செய்ய உபதேசியாரை வைப்பது, கூடத்துக்கு வெள்ளையடிப்பது, ஒருவரைச் சேர்ப்பது, நீக்குவது எல்லாமே சபைக் கூட்டத்தில்தான். இராப்போஜனம் எடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு கை. ஆலையில் நூல் சுற்றுகிறவளுக்கும் ஒரு கை, மேஸ்திரிக்கும் ஒரு கை. பெண்களுக்கும் உண்டு என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். பெண்கள் எழுந்து பேசியதில்லை, அது வேறு விஷயம். பேசக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை.

நிஜமான ஒரே ஓட்டு

அப்பா சாமுவேல், நோத்தேர் ஆபீஸில் குமாஸ்தா. பிரெஞ்சுக்காரர் ஊரில் வீடு வாங்க, விற்க, உயில் எழுத எல்லாவற்றுக்கும் நோத்தேரிடம் போக வேண்டும். பிறத்தியார் சொல்வதை ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் எழுதுவது அப்பாவின் தொழில். அந்தக் குணம் வீட்டிலும் இருந்தது. குழம்பில் உப்பு அதிகமா என்று அம்மா கேட்டால்கூட, யோசித்துத்தான் பதில் சொல்வார்.

பிரெஞ்சுக்காரர் காலத்துத் தேர்தல்களைப் பற்றி அப்பா ஒரு கதை சொல்வார். வாலிபத்தில் சட்டை மாட்டிக்கொண்டு, தலை வாரிக்கொண்டு, முதன்முதலாக ஓட்டுப் போடப் போனாராம். "முசியே சாமுவேல், உங்க ஓட்டுதான் காலையிலயே விழுந்துடுச்சே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். எவனோ ஒருவன் அப்பா பேரில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். வாசலில் தடியோடு நின்ற ஆட்களைப் பார்த்துவிட்டு அப்பாவும் பேசாமல் வந்துவிட்டார்.

அதனால்தான் ஆலைச் சாலைக் கூடத்தில் எல்லார் கண் முன்னாலும் உயரும் கை அவருக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது. எண்ணுகிற வேலையை அவரிடம் கொடுத்தார்கள். எண்ணுகிறவர் கை தூக்கக் கூடாது, எந்தப் பக்கமும் பேசக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அப்பா அதை விரதம் மாதிரி காத்தார்.

என் தையல் மெஷினால் வந்த வினை

இனி எஸ்தர் அக்கா கதை. இதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. என் தையல் மெஷின் நூலை அறுத்துக்கொண்டே இருந்தது. புதுச்சேரியிலேயே சாரம் என்ற இடத்தில் மெஷின் ரிப்பேர்க் கடை வைத்திருந்த கோவிந்தராசு வந்து பார்த்தார். ஒரே தடவையில் சரியாகிவிட்டது. அப்புறமும் ஏன் வந்துகொண்டிருந்தார் என்று நான் யோசித்திருக்க வேண்டும். மெஷினுக்கு எண்ணெய் விட வருகிறார் என்று நம்பிக்கொண்டிருந்த மகராசி நான்.

ஒருநாள் அக்காவும் அவரும் மெரிக்கு, அதாவது நகராட்சி ஆபீஸுக்குப் போய்ச் சாட்சி வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பிரெஞ்சுக் கொடி இறங்கி ஓரிரண்டு வருஷம் ஆகியிருக்கும். ஆள்வது இந்தியா, சட்டம் இன்னும் பிரெஞ்சு. மெரியில் எழுதிவிட்டால் அது கல்யாணம்தான்.

சபைக்கு அது போதவில்லை. யோபு மேஸ்திரி தீர்மானம் கொண்டுவந்தார். ஆலையில் அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் பாதிச் சபை. "சபைக்கு வெளியில, அதுவும் இந்து ஆளக் கட்டிக்கிட்டா. இத விட்டா நாளைக்கு எல்லாரு வீட்டுலயும் இதான் நடக்கும்" என்றார். அந்தக் கூட்டத்தைத்தான் முதலில் சொன்னேன்.

அப்பாவுக்கு அந்தக் கல்யாணத்தில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. "நல்ல கைக்காரன், குடிக்க மாட்டான்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் கூட்டத்தில் சொல்ல முடியாது. அவர் எண்ணுகிறவர்.

அன்று ராத்திரியிலிருந்து அப்பாவும் அம்மாவும் அரிசி, பருப்பு பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள். அம்மா தூக்கிய கையைப் பற்றி அவர் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. நடுவில் நான் கிடந்து வெந்தேன்.

யார் எழுந்து பேசுவது

அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நான் சாரத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அக்காவுக்கு ஒரே ஆசைதான்.

"புள்ளைக்கு நம்ம கூடத்துல ஞானஸ்நானம் கொடுக்கணும் லீதியா. அவரு சரின்னுட்டாரு. அதுக்கு மொதல்ல சபை என்னத் திரும்பச் சேத்துக்கணும்."

லூர்தம்மாள் காதுக்கு இது எட்டியது. "இதுக்கா இவ்ளோ கலாட்டா? எங்க சாமியாருகிட்ட தூக்கிட்டு வரச் சொல்லு. தண்ணி ஊத்தி அனுப்பிடுவாரு" என்றார். நல்ல மனசு. ஆனால் அக்கா அந்தக் கூடத்தின் பாயில் தவழ்ந்து வளர்ந்தவள். வேறு இடம் அவளுக்கு வேறு இடமாகத்தான் இருந்தது.

நான் அப்பாவிடம் போய், மறுபடியும் கூட்டத்தில் நான் எடுத்துப் பேசட்டுமா என்று கேட்டேன்.

"முடியாதும்மா. முடிஞ்ச விஷயத்த, அதுக்குச் சம்மதிச்சுக் கை தூக்கின ஒருத்தர்தான் திரும்ப எடுக்கலாம். இல்லன்னா தோத்தவங்க வாராவாரம் கௌப்பிட்டு இருப்பாங்க."

"யாரு இந்தச் சட்டத்த எழுதினது?"

 எழுதியது அப்பாதான். சபை ஒத்துக்கொண்டது.

"நீங்களாவது அக்காவப் போய்ப் பாத்துட்டு வாங்கப்பா."

"நான் எண்ணுறவன் லீதியா. அங்க போய் வந்துட்டிருந்தா ஒரு பக்கமா சாஞ்சுட்டேன்னு ஆயிடும். நாளைக்கு அவளுக்குச் சாதகமா முடிவானாக்கூட, குமாஸ்தா கூட்டி எண்ணிட்டாருன்னு பேசுவாங்க. அவளுக்காகத்தான் போகாம இருக்கேன்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அவர் அதை எவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னார் என்பதும் தெரிந்தது.

நாற்காலியில் உட்கார்ந்த ஐயர்

எல்லைச் சுங்கச்சாவடிகளை எடுத்த பிறகு, தமிழ்நாட்டுப் பக்கத்து ஐயர் ஒருவர் எங்கள் சபைக்கு வர ஆரம்பித்தார். பாதிரியாரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். அங்கே பல சபைகள் சேர்ந்து நடத்தும் ஒரு பெரிய அமைப்பு இருந்தது. ஒவ்வொரு சபையும் சில மூப்பர்களைத் தேர்ந்தெடுக்கும். சபையை நடத்துவது அந்த மூப்பர்கள். வட்டாரத்து மூப்பர்களும் ஐயர்மார்களும் கூடினால் அது மூப்பர் சங்கம். ஐயரை அனுப்புவது, வழக்குக் கேட்பது எல்லாம் சங்கம். நாங்களும் அதில் சேர வேண்டும் என்று அவர் அழைத்தார்.

கூடத்தில் இருந்த ஒரே நாற்காலியை அவருக்குப் போட்டோம். அப்பா வழக்கத்தை விட்டு அன்று பேசினார். தீர்மானம் எதுவும் இல்லை, வெறும் பேச்சுதான் என்று தனக்குத்தானே அனுமதி கொடுத்துக்கொண்டார்.

"உங்க சபை ஒரு தப்புப் பண்ணிட்டா, அத யாருகிட்ட போய்ச் சொல்லுவீங்க?" என்று ஐயர் கேட்டார்.

"சபைகிட்டயே."

"தப்புப் பண்ணவங்ககிட்டயேவா?"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும்.

"சரிங்க ஐயரே. உங்க சங்கம் தப்புப் பண்ணா?"

"அதுக்கு மேல ஒரு சங்கம் இருக்கு."

"அது பண்ணா?"

"அதுக்கு மேல இன்னொண்ணு."

"அப்படியே மேல போயிட்டிருந்தா கடைசியில போப்பாண்டவர் இருக்கற ரோமாபுரிதான் வரும். அது எங்க பக்கத்து வீட்டுலயே இருக்குதே" என்றார் அப்பா. கூடமே சிரித்தது.

ஐயர் கோபப்படவில்லை. பொறுமையான மனிதர். ஆதிச் சபையில் ஒரு பெரிய தகராறு வந்தபோது, எருசலேமில் அப்போஸ்தலரும் மூப்பரும் கூடித்தான் தீர்த்தார்கள் என்றார். ஏழை விதவைகளுக்குச் சோறு பரிமாற ஆள் வைத்தபோது சபை முழுவதும் சேர்ந்துதானே தேர்ந்தெடுத்தது என்றார் அப்பா. இரண்டும் வேதத்தில் இருக்கிறது. ஒரே புத்தகத்தின் பக்கங்களை இவர் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் ஐயர் ஒன்று கேட்டார். "பிரெஞ்சுக்காரன் போகணுமான்னு கீழூர்ல முடிவு பண்ணாங்களே, நீங்க போய் ஓட்டுப் போட்டீங்களா?"

"இல்ல. ஜனங்களோட பிரதிநிதிங்கதான் போட்டாங்க."

"இன்னைக்கு இந்தியாவுலதான இருக்கீங்க? குறை ஒண்ணும் இல்லையே?"

"அங்கதான் எனக்குக் கையில்லாம போச்சு. இங்கயாவது இருக்கட்டும்னு பாக்கறேன்" என்றார் அப்பா.

சாப்பாட்டுக்கு அப்புறம்

ஐயர் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். அம்மா பரிமாறினாள். வீட்டில் பெண்கள் எத்தனை பேர் என்று அவர் சாதாரணமாகக் கேட்டார். இரண்டு என்றார் அப்பா. மூத்தவள் எங்கே என்ற கேள்வி வந்தது. அப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. எல்லாவற்றையும் சொன்னார்.

ஐயர் அப்பா பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, "இதுக்குத்தான் மேல ஒரு இடம் வேணும்ங்கறது. நீங்க சேந்தா, சங்கத்துல முதல் வழக்கா உங்க பொண்ணு விஷயத்த நானே எடுத்துக்கறேன். நிச்சயமா நியாயம் கிடைக்கும்" என்றார்.

ஆசை காட்டி இழுக்கும் பேச்சு இல்லை அது. மனசார வருந்தித்தான் சொன்னார். அப்பா அதன் பிறகு சோற்றைத் தொடவில்லை.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். "லீதியா, இத்தன வருஷமா நான் பேசினதெல்லாம் எனக்கு வலிக்காத வரைக்கும்தானா?"

அடுப்பங்கரையில் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது. கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

சங்கத்தில் சேருவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள், அப்பா உபதேசியாரிடம் போய், நாளைக்கு நீங்கள் எண்ணுங்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தார். எண்ண ஆரம்பித்த பிறகு முதல்முறையாக அவர் கை தூக்கப் போகிறார். சேரலாம் என்ற பக்கம். மகளுக்காகத் தன் கொள்கையை விடப் போகிறார் என்று எனக்குப் புரிந்தது.

அம்மா எழுந்தாள்

அன்று கூடம் நிறைந்திருந்தது. யோபு மேஸ்திரி புது வேட்டி கட்டி வந்திருந்தார். சங்கத்தில் சேர்ந்தால் மூப்பர் ஆவது அவர்தான் என்று எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அப்பா எழுந்து தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "நான் இதுவரைக்கும் கூட்டத்துல ஒரு பக்கமும்..." என்று ஆரம்பித்தார்.

"எனக்கு ஒண்ணு சொல்லணும்" என்று ஒரு குரல்.

அம்மா நின்றுகொண்டிருந்தாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டிருந்தாள்.

"இப்பப் பேசிட்டிருக்கறது வேற விஷயம் தாயி" என்றார் யோபு மேஸ்திரி.

"வேற இல்லீங்க. எம்பொண்ண நீக்கச் சொல்லி நானும் கை தூக்கினேன். தூக்கினவங்கதான் திரும்ப எடுக்கலாம்னு எழுதி வெச்சிருக்கீங்க. நான் எடுக்கறேன்."

மாட்டுக்குக்கூட அன்று பேச்சில்லை. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம போயிட்டா. அந்தக் கோவம் எனக்கு. கல்யாணம் தப்புன்னு நான் தூக்கல. கோவத்துல தூக்கின கையயும் உங்க கையோட சேத்து இவரு எண்ணிட்டாரு. நீங்கல்லாம் எதெதுக்குத் தூக்கினீங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும். மேஸ்திரிக்குப் பயந்துகூட தூக்கியிருப்பீங்க."

யோபு மேஸ்திரி தன் ஆட்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அக்காவைத் திரும்பச் சேர்க்க யார் யார் சம்மதம் என்று கேட்டார்கள். உபதேசியாருக்குக் கண் மங்கல். ஒரு வரிசையை இரண்டு தடவை எண்ணிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அப்பா தவித்துப்போனார். ஆனால் எப்படி எண்ணினாலும் முடிவு ஒன்றுதான். ஆலைப் பெண்களின் வரிசை முழுவதும் கை தூக்கியிருந்தது. அக்காவைச் சேர்த்துக்கொண்டார்கள். நான் வாய்விட்டு அழுதேன்.

பிறகு சங்கத்து விஷயம். இனி அப்பா தன் பழைய பக்கத்துக்கே போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் சேரலாம் என்றே கை தூக்கினார். சபையும் அப்படியே முடிவு செய்தது. சேர வேண்டாம் என்று கை தூக்கிய சிலரில் அம்மா ஒருத்தி.

வீட்டுக்கு வரும் வழியில் இருவரும் வெகுநாள் கழித்துப் பேசிக்கொண்டார்கள்.

"நீ அன்னிக்கு நியாயமா கைய மடக்கி வெச்சிருந்தா, இன்னிக்கு எந்திரிச்சிருக்க முடியாது. தப்புப் பண்ணவங்களுக்குத்தான் திருத்தற உரிமைன்னா அது என்ன சட்டம்? நான் எழுதின சட்டம்தான். அதான் மேல ஒரு இடம் இருக்கட்டும்னு தூக்கினேன்" என்றார் அப்பா.

"உங்க மேல் இடத்துல யாரு ஒக்காருவாங்க? மூப்பருங்க. ஆம்பளைங்க. இன்னிக்கு எந்திரிச்ச மாதிரி நான் அங்க எங்க போயி எந்திரிக்கறது?" என்றாள் அம்மா.

இத்தனை வருஷம் கழித்தும், இந்த இருவரில் யார் சொன்னது சரி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சாரத்தில்

அன்று மத்தியானமே மூவரும் ரிக்‌ஷா பிடித்துச் சாரத்துக்குப் போனோம். கோவிந்தராசு கடையைச் சாத்திவிட்டு ஓடி வந்து பாய் விரித்தார். அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அக்காவும் அழுதாள்.

அப்பா உட்காரவில்லை. "சபை உன்னத் திரும்பச் சேத்துக்கிச்சும்மா. புள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம்" என்றார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சந்தோசம்பா." கொஞ்சம் கழித்து, "சபை சேத்துக்கலன்னா நீங்க வந்திருக்க மாட்டீங்க இல்ல?" என்றாள்.

"நான் எண்ணுறவன்ம்மா. நான் இங்க வந்து போயிட்டிருந்தா..."

"இது பொறந்து, குப்புற வுழுந்து, ஒக்காந்து, இப்ப பல்லு மொளைக்குது. லீதியாதான் வந்துட்டுப் போயிட்டிருந்தா. நீங்க வீட்டு வாசப்படி ஏறுறதுக்கும் கூட்டம் போடணுமாப்பா?"

அவள் சண்டை போடவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கோவிந்தராசு சங்கடப்பட்டு, "வுடு எஸ்தரு, மாமா இப்பத்தான் வந்திருக்காரு" என்றார்.

அக்கா குழந்தையை அப்பாவிடம் நீட்டினாள். அது அந்தப் புது முகத்தைப் பார்த்தது. உதட்டைப் பிதுக்கியது. பிறகு வீறிட்டு அழுதுகொண்டு அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. "அழாதடா, உன் தாத்தாடா" என்று அவள் தட்டிக்கொடுத்தாள். அது கேட்கவில்லை.

"அழட்டும் வுடும்மா" என்றார் அப்பா. "நியாயம் அது பக்கம்தான் இருக்குது."